கல்யாண டிவிடியின் ஒலி: யாரும் திறந்து பார்க்காத இரண்டு கட்டங்கள்

கல்யாண டிவிடியில் ஒலியை எந்த வடிவத்தில், எவ்வளவு பிட்ரேட்டில் ஏற்றுவது என்பதை முதலில் தீர்மானிப்பது வட்டின் கொள்ளளவு. 4.7 ஜிபி வட்டில் மூன்று மணி நேரம் ஏற்றினால், படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்குச் சராசரியாக 3.5 மெகாபிட்டைத் தாண்ட முடியாது. சுருக்கப்படாத பிசிஎம் ஒலி மட்டுமே அதில் 1.536 மெகாபிட்டைத் தின்றுவிடும். மிச்சத்தில் படத்தை அடைத்தால் பட்டுப்புடவைச் சரிகையும் மண்டப வாசல் சீரியல் லைட்டும் கட்டம் கட்டமாக உடையும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வரவேற்பையும் முகூர்த்தத்தையும் ஒரே வட்டில் கேட்கும் வீடுகளுக்கு பிசிஎம் ஒத்துவராது. ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் காதுகுத்து, கச்சேரி வட்டுகளுக்கு பிசிஎம்மே போதும், வேறெதுவும் தேவையில்லை.

அடுத்த தேர்வு எம்பி2, ஏசி-3 என்னும் சுருக்கிய ஒலி வடிவங்கள் இரண்டில் ஒன்று. பால் (PAL) முறை பிளேயர்களில் எம்பி2 பாடும். அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்டிஎஸ்சியில் மாற்றிக் கொடுக்கும் வட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆகவே ஏசி-3. மென்பொருள் தானாகக் காட்டும் 192 கிலோபிட் பேச்சுக்குப் போதும், மேளத்துக்குப் போதாது. விரலில் கூடு மாட்டி வலந்தலையில் விழும் தவில் அடி கத்திபோல் கூர்மையானது. பிட் பற்றாத இடத்தில் அந்த அடிக்கு ஒரு கணம் முன்னாலேயே மெல்லிய இரைச்சல் படியும். 256-க்கு உயர்த்த மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து ஆகும் கூடுதல் இடம் 86 எம்பிதான். அதில் கஞ்சத்தனம் காட்டுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

மாதிரி விகிதம் 48 கிலோஹெர்ட்ஸ். சிடியிலிருந்து எடுக்கும் சினிமாப் பாட்டு 44.1-இல் இருப்பதால், டைம்லைனில் போடுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மினி டிவி (MiniDV) கேமராவை 12 பிட்டில் விட்டுவிட்டுப் படம் பிடித்தால் ஒலி 32 கிலோஹெர்ட்ஸில்தான் பதிவாகும். அதைப் பிறகு எந்த அமைப்பாலும் மீட்க முடியாது.

உண்மையான தொல்லை இதற்குப் பிறகு வருகிறது. ஏசி-3 என்கோடரின் உள்பக்கத்தில் டயலாக் நார்மலைசேஷன், டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டுமே சினிமாவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சினிமாவில் வசனம்தான் அளவுகோல். வெடிச்சத்தமும் பாட்டும் அதற்கு மேலே எழும். கல்யாண மண்டபத்தில் அப்படி ஓர் அளவுகோலே கிடையாது. முதல் கட்டத்தில் -27 என்று இருந்தால் பிளேயர் மொத்த ஒலியையும் 4 டெசிபல் குறைத்துத்தான் வெளியே விடும். 'வட்டில் சத்தமே கம்மி' என்று வாடிக்கையாளர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதைக் கேட்டு டைம்லைனில் ஒலியை ஏற்றுபவர் நாதஸ்வரத்தைக் கிழியவைப்பதோடு சரி.

இரண்டாவது கட்டம் இதைவிட மோசம். அதில் 'ஃபிலிம் ஸ்டாண்டர்ட்' இருந்தால், சத்தம் அதிகமான இடத்தைப் பிளேயர் அமுக்கும். குறைவான இடத்தை 6 டெசிபல் வரை தூக்கும். முகூர்த்தத்தில் இது எப்படிக் கேட்கும்? ஐயர் மெல்லிய குரலில் மந்திரம் சொல்லும்போது மண்டபத்து மின்விசிறியும் ஜெனரேட்டரும் மேலெழுந்து இரையும். 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று குரல் எழுந்து தவில் இறங்கியவுடன் மொத்த ஒலியும் பின்வாங்கும். தாலி ஏறும் கணத்தில் உயர வேண்டிய சத்தம் அப்போதுதான் உட்கார்ந்துவிடும். அட்சதை விழுந்து மேளம் அடங்கினால் மின்விசிறி மறுபடியும் கிளம்பும். பிட்ரேட்டை 448 வரை ஏற்றினாலும் இந்தக் கோளாறு போகாது. அது பிட் குறைவால் வந்ததே இல்லை.

தீர்வு சின்னது. முதல் கட்டத்தில் -31, இரண்டாவதில் 'நன்' (None). அப்போது பிளேயர் ஒலியைத் தொடாது. மந்திரத்துக்கும் மேளத்துக்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தை எடிட்டரே டைம்லைனில் கையால் அமைக்க வேண்டும். மந்திரத்தை மூன்று நான்கு டெசிபல் தூக்கி, மேளத்தின் உச்சம் உடையாமல் பார்த்துக்கொண்டாலே போதும். அதற்கு முகூர்த்தப் பகுதி முழுவதையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

அந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலில் இப்போது அருகிவிட்டது. ஒலியை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று நம்பும் எடிட்டர், நிறம் திருத்த ஒரு நாளும் ஒலிக்குப் பத்து நிமிடமும் ஒதுக்குகிறார். டிவிடி போய் பென்டிரைவ் வந்த பிறகு இந்தக் கட்டங்களும் பழங்கதை என்கிறார்கள். பென்டிரைவுக்குப் போகும் கோப்பிலும் மேளம் அமுங்கினால் காரணம் ஏறக்குறைய இதுதான்: யாரோ எதற்கோ வைத்த அமைப்பை அப்படியே விட்டது.

கடைசிச் சோதனையை எடிட்டிங் அறை ஸ்பீக்கரில் செய்யக்கூடாது. வட்டை மலிவான பிளேயரில் போட்டு, சாதாரண டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். ரிமோட்டைத் தொடாமல் மந்திரம் புரிந்து, மேளம் அதைவிடப் பெரிதாகக் கேட்டால் வட்டைக் கொடுத்துவிடலாம்.