திருவாதிரைப் புழுக்கு, இரண்டு பேருக்கு

கல்யாண நாள் வந்தால் கோயமுத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ போய், நல்ல ஓட்டலாகப் பார்த்துச் சாப்பிட்டு வருவது இப்போது எங்கள் நல்லேப்பிள்ளியிலும் வழக்கமாகிவிட்டது. பிப்ரவரி 14-க்கும் அப்படித்தான். போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; வருஷத்தில் ஒரு ராத்திரியாவது அடுப்படியை விட்டு வெளியே வர வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை நினைப்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் தாம்பத்தியத்துக்கென்றே ஒரு ராத்திரியும், அந்த ராத்திரிக்கென்றே ஒரு சாப்பாடும் எங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கின்றன. தனுமாதத்து, அதாவது மார்கழித் திருவாதிரை அது. என் வீட்டில் இரண்டு பேருக்கான விருந்து அன்றைக்குத்தான்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் இந்தப் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். கிழக்கே கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று போகப் போகத் தமிழ் கூடும். மேற்கே சித்தூர், தத்தமங்கலம் போனால் மலையாளம் கூடும். அதனால் திருவாதிரையும் எங்களுக்கு இரண்டு விதமாக வரும். தமிழ் வீடுகளில் வெல்லக் களியும் ஏழுகறிக் கூட்டும். சேந்தனார் கொடுத்த களியைத் தில்லை நடராஜர் உவந்து ஏற்றார் என்ற கதையோடு சேர்ந்து வருவது அது. மலையாள வீடுகளில் கிழங்கும் பயறும் சேர்த்து வேகவைத்த புழுக்கும் கூவைப் பாயசமும். நாங்கள் தமிழ் வீடுதான். ஆனாலும் என் மனைவி சிறுவயதில் பக்கத்து வீட்டு மலையாள அம்மாவின் அடுப்படியிலேயே பாதி வளர்ந்தவள். அவளுக்குத் திருவாதிரை என்றால் புழுக்குத்தான்.

மலையாள வழக்கத்தில் திருவாதிரை முழுக்கப் பெண்களின் நோன்பு. சிவனை அடையப் பார்வதி செய்த தவத்தைச் சொல்வார்கள். எரிந்துபோன காமன் மறுபடி உயிர் பெற்ற நாள் என்று இன்னொரு கதையும் உண்டு. கல்யாணமான பெண் புருஷனுக்காகவும், ஆகாதவள் நல்ல புருஷன் வேண்டும் என்றும் இருப்பாள். விடிவதற்கு முன் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையால் அடித்து, பாடிக் குளிப்பது. ஊஞ்சல், கைகொட்டிக்களி ஆட்டம், வெற்றிலை போடுவது, நடுராத்திரியில் தலையில் பாதிராப்பூ. கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் திருவாதிரைக்குப் பூத்திருவாதிரை என்று தனி மரியாதை. முதல் நாள் மகயிரத்தன்று (மிருகசீரிஷம்) சாயங்காலம் எட்டங்காடி: காச்சில் (பெருவள்ளிக்கிழங்கு), சேனை, சேம்பு, கூர்க்கை, நேந்திரங்காய் என்று கிடைத்ததையெல்லாம் கனலில் சுட்டு, நறுக்கி, வெல்லமும் வெந்த பயறும் சேர்த்துப் படைப்பார்கள்.

இத்தனையிலும் புருஷனுக்கு ஒரு வேலையும் இல்லை. யாருக்காக நோன்போ அவன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். அவள் பசியோடு இருந்து, நோன்பு விடும் சாப்பாட்டையும் தானே சமைத்து, அவனுக்கும் பரிமாறுவாள். எனக்கு இது வெகுகாலமாக உறுத்திக்கொண்டே இருந்தது. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் 299 நிமிஷம் என்றும், அதே வேலையில் கை வைக்கும் ஆண்களுக்கு அது 97 நிமிஷம் என்றும் கணக்கு வந்தது. ஆண்களில் கை வைக்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். நோன்பு நாள் அந்த 299 நிமிஷத்தைக் குறைப்பதில்லை, கூட்டத்தான் செய்கிறது. ஆகவே எங்கள் வீட்டில் திருவாதிரை அன்று அடுப்பு என்னுடையது. அவள் குளிப்பாள், கோயிலுக்குப் போவாள், வந்து ஊஞ்சலில் உட்காருவாள். எனக்குத் தெரிந்து ஒருவருக்கு ஒருவர் காட்டும் பிரியத்தில் இதைவிடக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது வேறில்லை.

சாமான் வாங்குவது அரை வேலை. தனுமாதத்தில் இந்தக் கிழங்கெல்லாம் நோன்புக்காக எங்கிருந்தோ வரவழைக்கப்படுவதில்லை. அவற்றை மண்ணிலிருந்து தோண்டும் காலமே அதுதான். மாசி வாக்கில் நட்ட சேனையும் காச்சிலும் அப்போதுதான் முற்றும். ஆடி வாக்கில் கொடி கிள்ளி நட்ட கூர்க்கையும் மார்கழியில்தான் பறிக்க வரும். கிழக்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று வீசி, உதடு வெடிக்கும் நாட்கள். அந்தக் குளிருக்கு மாவுச்சத்துள்ள சூடான சாப்பாட்டை வயிறு கேட்கும். பருவம், பயிர், நோன்பு மூன்றையும் ஒரே முடிச்சில் போட்ட முன்னோர்களை நான் மனசார மெச்சுகிறேன்.

கூர்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஊர்த் தமிழர் சிறுகிழங்கு என்பார்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும், மேலெல்லாம் மண் ஒட்டியிருக்கும். கத்தியால் ஒவ்வொன்றாகத் தோல் சீவினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். இங்கே செய்கிற முறை வேறு. கூர்க்கையை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்கிலோ கெட்டித் துணியிலோ போட்டு வாயைச் சுருட்டிப் பிடித்து, துவைகல்லில் பதமாக அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கிழங்கு நசுங்கும். அடித்து, உருட்டி, தண்ணீர் விட்டு அலசினால் தோல் தானாகக் கழன்று மிதக்கும். உள்ளே வெளிர்மஞ்சளாகக் கிழங்கு நிற்கும். கிழங்கின் கண்ணில் ஒட்டியிருப்பதை மட்டும் கத்தி நுனியால் எடுத்தால் போதும். விரலில் ஏறும் கறை இரண்டு நாளைக்குப் போகாது. வெந்த கூர்க்கைக்கு மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசம் உண்டு. வேறு எந்தக் கிழங்குக்கும் அது கிடையாது. புழுக்கில் கூர்க்கை இல்லையென்றால் என் மனைவி சாப்பிடுவாள், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாமையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டு பேருக்கு அரை ஆழாக்குத் தட்டப்பயறு தாராளம். மலையாளத்தில் வன்பயறு என்பது. காலையிலேயே ஊறப்போட்டுவிடுவேன். சேனை, காச்சில், கூர்க்கை மூன்றும் சேர்ந்து கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, நேந்திரங்காய் ஒன்று, சேம்பு இரண்டு. சேனை நறுக்கும்போது கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் அரிக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பானையில் கொட்டக் கூடாது. முதலில் பயறு, பிறகு சேனை, அதன் பிறகு காச்சிலும் கூர்க்கையும் காயும், கடைசியில் சேம்பு. சேம்பு சீக்கிரம் குழைந்து வழவழப்பை விட்டுவிடும்.

ஊஞ்சலிலிருந்து குரல் வரும்: "ஏனுங்க, பயறு வெந்துருச்சுங்களா?"

"நசுக்கிப் பாத்தேன் புள்ள. நடுவுல கொஞ்சம் கெட்டியா நிக்குது."

"அப்பச் சேனையைப் போட்டுருங்க. ரெண்டும் ஒண்ணா வெந்துருமுங்க."

அப்படியே ஆகும். மஞ்சளும் உப்பும் போட்டு வெந்தபின், அரைமூடித் தேங்காயில் பாதியைச் சீரகம், இரண்டு காந்தாரி மிளகாயோடு ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, மரக்கரண்டியால் லேசாக மசித்து, அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டு மூடிவிட வேண்டும். தாளிப்பு இல்லை, வதக்கல் இல்லை. இந்த எண்ணெய் சூட்டில் பட்டு எழுப்பும் மணம் ஊஞ்சல் வரை போகும். அந்த மணம் எட்டினால் அவள் எழுந்து வந்துவிடுவாள்.

பக்கத்தில் சாமைச் சோறு, மோர். நோன்புக்கு நெல்லரிசி ஆகாது. சாமை, கோதுமைக் கஞ்சி இவை ஆகும். சாமையில் ஒரு கஷ்டம் உண்டு: சூடு ஆறினால் விறைத்துவிடும். எனவே இலை போடும் நேரத்துக்குச் சரியாக இறக்க வேண்டும்.

இனி இந்தச் சாப்பாடு உடம்புக்கு நல்லதா என்ற கேள்வி. 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. கேரளத்தில் வயதுவந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். என் மனைவியும் அந்தக் கணக்கில் ஒருத்தி. ஆகவே இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்ல முடியாது. பழசு, நாட்டுச் சாப்பாடு என்பதாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. கிழங்கு மாவுச்சத்துதான். சேனையும் காச்சிலும் வயிறு முட்டச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆனால் தட்டப்பயறின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். பயறும் நார்ச்சத்தும் கூடவே இருப்பதால் மாவு மெதுவாகக் கரைகிறது. பொரித்தது எதுவும் இல்லை. எண்ணெய் ஒரே ஒரு கரண்டி. ஓட்டலில் அன்று கிடைக்கும் ஃப்ரைடு ரைஸையும் க்ரீம் கேக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பயறைக் கூட்டிக் கிழங்கைக் குறைத்துக்கொண்டோம், சாமையை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டோம். இன்னொன்றும் செய்தோம். பகல் முழுக்கப் பட்டினி கிடப்பதை அவள் விட்டுவிட்டாள். மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். அது ஏறுவதைவிட ஆபத்து. அரிசியை விடுவது மட்டுமே இப்போது அவள் நோன்பு. பார்வதி அதைக் குறையாக நினைக்க மாட்டாள் என்பது எங்கள் இரண்டு பேருடைய நம்பிக்கை.

கூவைப் பாயசத்தை மட்டும் கைவிட மனசு வரவில்லை. கூவைக்கிழங்குப் பொடி சுத்த மாவுச்சத்து. அதோடு வெல்லமும் சேருகிறது. கணக்குப் பார்த்தால் சேர்க்கவே கூடாது. ஆனாலும் ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் உண்டு, அவளுக்கு அதில் பாதி. ஒரு மேசைக்கரண்டிப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டிய வெல்லப்பாகில் ஊற்றிச் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பால் கலங்கினாற்போல் வெளுத்துக் கிடக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டி போகும் தடத்தில் ஒரு கோடு தெளியும், பிறகு இன்னொன்று. சட்டென்று முழுச் சட்டியும் ஒளி ஊடுருவும் கரும்பழுப்பாகிக் கனத்துவிடும். இந்த நிமிஷத்தில் கையை எடுத்தால் அடிபிடிக்கும். அவள் பக்கத்தில் வந்து நிற்பது இதைப் பார்க்கத்தான். கொஞ்சம் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் போட்டு இறக்கும்போது கிண்ணத்தை அவளே நீட்டுவாள்.

இலையை எதிரெதிராகப் போடுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில்தான். டிவியும் ஃபோனும் உள்ளறையில். பிள்ளைகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டால் சாப்பிட்ட பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறோம். கனத்த விருந்து சாப்பிட்டால் அடுத்த வேலை தூக்கம்தான். மனைவியோடு ஒரு வார்த்தை பேச உடம்பு விடாது. புழுக்குச் சாப்பிட்ட ராத்திரியில் நாங்கள் வாசலுக்கு இறங்கித் தென்னந்தோப்பு ஓரமாகக் கொஞ்ச தூரம் நடப்போம். அவளுடைய சர்க்கரைக்கும் அது நல்லது. கல்யாணமான புதிதில் சித்தூர்ப் புழையில் தண்ணீர் எப்படிப் போனது, ஆழியாறு அணையிலிருந்து இந்த வருஷம் எப்போது விடுவார்கள், பெரியவளுக்கு வரன் பார்ப்பது என்று பேச்சு எங்கெங்கோ போகும். மற்ற நாட்களில் நாங்கள் பேசுவதெல்லாம் வீட்டுக் கணக்குத்தான். திரும்பி வந்து ஆளுக்கொரு தளிர் வெற்றிலை. பாத்திரத்தை அவள் தேய்க்க வந்தால் நான் விடுவதில்லை. அலசிக் கவிழ்க்கும் வேலையை மட்டும் பங்கு கொடுப்பேன்.

சேனை நறுக்கும்போது நடுவில் மொட்டு இருக்கும் துண்டை நான் பானையில் போடுவதில்லை. சாம்பல் தடவி நிழலில் வைத்துவிடுவேன். கும்பமாதத்தில், அதாவது மாசியில், நட்டால் குடத்தளவு, மீனமாதத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்று சேனைக்கு இங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள். கிணற்றடியில் குழி எடுத்து, சருகும் சாணமும் போட்டு, மாசி பிறந்ததும் வைத்துவிட்டால் அடுத்த தனுவுக்குத் தோண்டலாம். இந்த வருஷம் கொடிபடர ஒரு மூங்கில் நட்டு, பக்கத்திலேயே காச்சிலும் போட வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். கூர்க்கைக்கு மட்டும் எங்கள் மண் சரிப்படவில்லை. அதைக் கடையில்தான் வாங்க வேண்டும்.