எச்சமும் முடிபும்

திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலே நூல் துணியாகி, சாயமேறி, வெட்டுண்டு, தைக்கப்பட்டுப் பெட்டியில் அடைபடுங்காறும், கைமாறுந்தோறும் ஒரு கணக்கு எழுதப்படும். அக்கணக்குகளைக் கணிப்பொறியில் ஏற்றும் பணிக்குச் சென்ற விடுமுறையில் நாமும் சிறிது துணைநின்றோம். கருவியாயது, 2005-ஆம் ஆண்டு வெளிப்போந்த ஜாங்கோ என்னும் வலைச்சட்டகம்.

ஜாங்கோவில் அருவ மாதிரி என்பதொன்று உண்டு. அதற்கெனத் தனி அட்டவணை அமையாது. தன் புலங்களைச் சேய் மாதிரிகட்கு ஈதலே அதன் தொழில். 'வேலை' என்னும் தாய், தேதி, லாட் எண் முதலியவற்றை எல்லாச் சேய்கட்கும் வழங்கும். 'அளவு' மட்டும் அவ்வாறு வழங்கலாகாது. துணியும் சாயமும் கிலோக் கணக்கு, பின்னமும் வரும். தையலோ பீஸ் கணக்கு. முழு எண்ணே வரும். ஆதலின் ஒவ்வொரு சேயும் அப்புலத்தைத் தானே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

நன்னூல் கற்பார்க்கு இது புதிதன்று. பெயரெச்சம் பெயரை அவாவி நிற்கும்; இன்ன பெயர்தான் என்று வரையறுக்காது. அருவ மாதிரியும் ஓர் எச்சமே. ஆயின் எச்சம் முடியாதொழியின் செவி உடனே உணரும். ஜாங்கோ தானாக உணராது.

இக்குறையைச் சிறிதெனக் கருதற்க. தையற் பிரிவில் பலர்க்கு பீஸ் ரேட்டே கூலி. அளவுப் புலமில்லாத படிவத்தில் ஓவர்லாக் தைத்தவர் உழைப்பு ஏறாது; அவர் வாரக்கூலி குறையும்.

காக்கும் வழி யாது? தாயினிடத்துப் பிழை எழுப்பும் முறையொன்றை வைப்பின், அளவைக் கேட்கும்போதுதான் குறை வெளிப்படும்; அது காலங்கடந்த அறிவு. சேய் வகுப்பு பிறக்குங்கணத்தில் வினவுதற்குப் பைத்தான் 3.6-இல் (2016) வழியுண்டு. ஆயினும் ஜாங்கோவின் புலங்கள் அப்பொழுது வந்து சேர்ந்திரா. 2014-இல் வந்த ஜாங்கோ 1.7-இன் சோதனை அமைப்பே தக்கதெனக் கண்டோம். தாயின் 'செக்' முறையில், சேயின் புலங்களுள் 'அளவு' உளதோ என நோக்கி, இலதேற் பிழை கூறுமாறு எழுதினோம். நிரல் எழுதுவோர் தம் மேசையில் ரன்சர்வர் கட்டளையை இட்டவுடனே குறை புலனாகும். நடைமுறைச் சர்வர் இச்சோதனையைத் தானே நடத்தாதாகலின், வெளியிடுமுன் செக் கட்டளையைத் தனியே இடல் வேண்டும்.

தான் தர இயலாததைச் சேயினிடம் கேட்டு வாங்குதலும் தாயின் கடனே.