பாட்டு எழுதுறவருக்கு மாத்திரை எதுக்கு?

 

போன வருஷம் ஒருத்தர் வந்தார். ஐம்பதைத் தாண்டினவர். சபையில பாட்டு எழுதுறவர். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தியிருக்கேன்.) ரெண்டு மாசமா தூக்கமில்லை, பசியில்லை, விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு. தைராய்டு உட்பட எல்லா டெஸ்ட்டும் நார்மல். மனச்சோர்வு நோய்னு சொல்லி மாத்திரை எழுதினேன்.

சீட்டை வாங்கவே இல்லை.

"மாத்திரை போட்டா என் சாட்சி என்னாகும் டாக்டர்? ஊருக்கே நம்பிக்கைப் பாட்டு எழுதுறவன் நான்."

இது அவர் பயம் மட்டுமில்லை. "ஜெபம் குறைஞ்சதாலதான் இப்படி"ன்னு வீட்டுக்கே வந்து சொன்னவங்க இருக்காங்க. சுகர் மாத்திரை போடுறவர்கிட்ட இதை யாராவது சொல்றோமா?

அவர்கிட்ட வில்லியம் கூப்பர் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

கூப்பர் 1731-ல இங்கிலாந்துல பிறந்த கவிஞர். ஆறு வயசுல அம்மா இறந்துட்டாங்க. 1763-ல ஒரு அரசாங்க வேலைக்கான விசாரணையை நினைச்சே மனசு உடைஞ்சு, தற்கொலைக்கு முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ்ல நத்தானியேல் காட்டன்னு ஒரு மருத்துவர் நடத்தின மனநல இல்லத்துல சேர்த்தாங்க. காட்டனும் கவிதை எழுதுவார். கூப்பர் விசுவாசத்துக்கு வந்தது எந்த ஆராதனையிலும் இல்லை, அந்த இல்லத்துலதான். நான் மருத்துவன்கிறதாலயோ என்னவோ, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

பிறகு ஓல்னி ஊருக்குப் போனார். அங்கே போதகர் ஜான் நியூட்டன். முன்னாள் அடிமைக் கப்பல் கேப்டன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுப் புத்தகம் எழுதலாம்னு ஆரம்பிச்சாங்க. 1773 ஜனவரியில கூப்பருக்கு நோய் திரும்ப வந்தது, முன்னைவிடக் கடுமையா. கடவுள் தன்னைக் கைவிட்டுட்டார்னே நம்பினார். சபைக்குப் போறது நின்னது. பாட்டும் ஏறக்குறைய நின்னது.

நியூட்டன் என்ன செஞ்சார்? தன் வீட்டுலயே ஒரு வருஷத்துக்கு மேல தங்க வெச்சுப் பார்த்துக்கிட்டார். (நியூட்டனோட தீவிரமான பக்திதான் கூப்பரைக் கெடுத்ததுன்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு அது சரியாப் படலை. நோய் நியூட்டனைச் சந்திக்கிறதுக்கு முன்னாடியே இருந்தது.)

1779-ல புத்தகம் வந்தப்போ மொத்தம் 348 பாட்டு. கூப்பரோடது எழுபதுக்கும் கீழே. அதை நியூட்டன் எடுத்துப் போடலை. 'சி'ன்னு ஓர் எழுத்தைப் போட்டு, இது நண்பனோடதுன்னு தெரியும்படி அச்சடிச்சார். தன்னைக் கடவுள் தள்ளிட்டார்னு நம்பின ஒருத்தரோட பாட்டை இன்னைக்கும் உலகம் முழுக்கப் பாடுறாங்க.

நம்மாளு கேட்டார்: "அவர் கடைசி வரைக்கும் குணமாகலையா டாக்டர்?"

முழுசா இல்லை. அப்போ இந்த மருந்துகள் கிடையாது. உங்களுக்கு இருக்குன்னு சொன்னேன். சீட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

ஒண்ணு கவனிங்க, இந்த மாத்திரை மறுநாளே வேலை செய்யாது. ரெண்டிலிருந்து நாலு வாரமாவது ஆகும், சிலருக்கு இன்னும் கூட. பாதியில திடீர்னு நிறுத்தவும் கூடாது.

ஏழாவது வாரம் ஒரு பேப்பரோட வந்தார். புதுப் பாட்டு. வழக்கமா அவர் பாட்டுல "ஜெயம்" நிறைய வரும். இதுல ஒரு இடத்துலயும் இல்லை, முழுக்கக் கேள்விதான். "போதகர் பாட விடுவாரான்னு தெரியலை"ன்னார்.

பாடினாங்களாம். ரெண்டு பேர் ஆராதனை முடிஞ்சு தனியா வந்து, எந்த டாக்டரைப் பார்த்தீங்கன்னு கேட்டாங்களாம்.

(மனசு ரொம்பக் கனமா இருந்தா 14416, டெலி மானஸ். இலவசம், தமிழ்லயே பேசலாம்.)