அப்பாவின் சாக்சபோன்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

தோழியரே, சாக்சபோன் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? திருமண ஊர்வலம், மாதா கோயில் தேர்ப்பவனி, சில வேளைகளில் சாவு வீடு. எனக்கோ என் அப்பாவே நினைவுக்கு வருவார். அவர் செங்கல்பட்டில் ஒரு பேண்டு செட்டில் சாக்சபோன் வாசிப்பவர். இதைப் பள்ளியில் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் மாதா படத்தின் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் உண்டு. பட்டு ஜிப்பா அணிந்த ஒருவர் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து சாக்சபோன் வாசிப்பார். சிறு வயதில் அவரையும் ஒரு புனிதர் என்றெண்ணிக் கைகூப்பியிருக்கிறேன். பாட்டி கண்டு சிரித்துவிட்டார். அவர்தாம் கத்ரி கோபால்நாத் என்று பிறகு அறிந்தேன்.

அவர் 1949-ஆம் ஆண்டு கர்நாடக மாநிலம் தட்சிண கன்னட மாவட்டத்துச் சஜிபமூட என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நாகசுர வித்துவான். ஆகவே மகனும் முதலில் நாகசுரமே கற்றார். ஒருநாள் மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியத்தில் சாக்சபோனைக் கேட்டார். அதன்பின் வேறு எதிலும் மனம் செல்லவில்லை. பெல்ஜிய நாட்டு அடால்ப் சாக்ஸ் என்பவர் ஆக்கி 1846-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. அதில் நம் கர்நாடக இசையை வாசிப்பேன் என்று அவர் துணிந்தார்.

இது எத்துணைக் கடினம் என்பதை அப்பா எனக்குக் காட்டினார். நாகசுரத்தில் துளைகளை விரல்களே மூடுகின்றன. விரலைச் சற்றே நகர்த்தினால் ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும், கமகம் பிறக்கும். சாக்சபோனிலோ விரல் துளையைத் தொடுவதே இல்லை. சாவியை அழுத்தினால் மூடி ‘டப்’ என்று துளையை அடைக்கும். திறந்தால் ஒரு சுரம், மூடினால் வேறொரு சுரம், நடுவில் வழியில்லை. அந்த வழியை உதட்டாலும் மூச்சாலும் உண்டாக்க வேண்டும். உடல் பித்தளையானாலும், ஒலி பிறப்பது வாயிலுள்ள சிறு நாணல் தகட்டில்தான். அதை உதடு எவ்வளவு இறுக்குகிறது என்பதில் இருக்கிறது எல்லாம். அப்பா தோடியில் ஒரே ஒரு பிடியை வாசிக்க முயன்று, மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

கோபால்நாத் மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். பல்லாண்டு உழைப்பு அது. பேண்டு வாத்தியத்துக்குக் கச்சேரி மேடையில் என்ன வேலை என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். 1994-இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி.யின் புரோம்ஸ் இசைவிழாவில் வாசித்தார். அதே ஆண்டு ‘டூயட்’ திரைப்படம் அவருடைய வாசிப்பைத் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் கொண்டு சென்றது. 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அன்னார் 2019 அக்டோபர் 11 அன்று மறைந்தார். அன்று மாலை அப்பா மாடிக்குப் போய் வாசித்தார். நான் அப்போது சிறுமி. ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டதற்கு, மூச்சு வாங்குகிறது என்றார்.

இனிச் சொல்லப்போவதை எழுதக் கை தயங்குகிறது. சென்ற ஆண்டு ஒருநாள் பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு சவ ஊர்வலம் எதிரே வந்தது. முன்னே பேண்டு செட். சிவப்புச் சட்டையில், வெயிலில் வியர்த்து, அப்பா. உடன் வந்த தோழி, “அந்தச் சாக்சபோன்காரர் உன்னையே பார்க்கிறாரே, தெரிந்தவரா?” என்றாள். “தெரியாது” என்றேன். அப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டு வாசித்தார். சேவல் கூவவில்லையே தவிர, நான் இராயப்பரைப் போலத்தான் நின்றேன். அப்பா அன்றும் அதன்பின்னும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இவ்வாண்டு கோவளம் கார்மேல் மாதா திருவிழாவில் அப்பாவின் செட் வாசித்தது. தேர் கடற்கரைப் பக்கம் திரும்பியபோது காற்றில் மற்ற வாத்தியங்கள் கலைந்தன; சாக்சபோன் மட்டும் தனியே கேட்டது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்தேன். வீடு வந்ததும், உப்புக் காற்று பட்ட கருவியைத் துடைக்கும் துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். எனக்குக் கற்றுத்தாருங்கள் என்றேன். முதல் மாதம் முழுவதும் வாய்ப்பகுதியை மட்டுமே ஊதச் சொன்னார். பக்கத்து வீட்டு அத்தை, வாத்து வளர்க்கிறீர்களா என்று கேட்டார். இப்போது ஆதார சட்ஜம் நடுங்காமல் நிற்கிறது. ரிஷபம் இன்னும் நிற்கவில்லை.

அந்தத் ‘தெரியாது’ என்ற சொல்லை அப்பாவிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. பள்ளி மலர் வீட்டுக்கு வந்தால் அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பார்.