ஏர் எடுத்தல்

புரட்டாசி பிறந்துவிட்டால் காவிரிப் படுகையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு. நாற்றங்காலில் சம்பா நாற்று வளர்ந்து நிற்கும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும். அந்த முறை முடிவதற்குள் சேற்றுழவை முடித்தாக வேண்டும். முற்றிய நாற்றைப் பிடுங்கி நட்டால் அது போதிய அளவு தூர் கட்டாது. தூர் குறைந்தால் கதிர் குறையும். ஐப்பசி மழை முந்திக்கொண்டாலோ, நட்ட பயிர் வேர் பிடிக்கும் முன்பே நீரில் மூழ்கும். இத்தகைய வாரத்தில்தான் பழைய டிராக்டர்கள் கிளம்ப மறுக்கின்றன. இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற இயந்திரத்தை உழவர் தேடிச் செல்வதே அந்த வாரத்தில்தான்.

1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது தமிழகத்து டிராக்டர் உற்பத்தியில் ஒரு முக்கியமான தொடக்கம். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட வண்டிகள் சில, வண்ணம் உதிர்ந்து, முகப்பு விளக்கு இழந்து, இன்றும் சிற்றூர்களில் உழுதுகொண்டிருக்கின்றன. இன்றைய புதிய எஞ்சின்களில் உணரிகள் உள்ளன. பழுது எங்கே என்பதைக் குறியீடாகத் திரையில் காட்டும் வகைகளும் வந்துவிட்டன. பழைய வண்டிக்கு அந்த வசதி இல்லை. அது ஒலியாலும் புகையாலும் மட்டுமே பேசும். கேட்பவருக்குத்தான் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.

அம்மொழியின் இலக்கணம் கடினமானதன்று. 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக்காட்டிய எஞ்சினுக்கும், கொட்டகையில் நிற்கும் பழைய வண்டியின் எஞ்சினுக்கும் அடிப்படை ஒன்றே. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறியாத மாணவர் இலர். உருளைக்குள் நிகழ்வதும் அதுதான். உள்ளிழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை அழுத்துகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசையும் கடக்கிறது. அந்தக் கணத்தில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. தீப்பொறி தேவையில்லை. ஆகவே இந்த எஞ்சின் கிளம்புவதற்குப் போதிய வேகத்தில் ஒரு சுழற்சி, தடையின்றி வரும் காற்று, கசியாத அழுத்தம், உரிய நேரத்தில் டீசல் ஆகியவை இருந்தால் போதும். இவற்றுள் எது இல்லை என்று கேட்பதே பழுது பார்த்தல். எதை மாற்றலாம் என்று கேட்பது வேறு தொழில். அதனால் உதிரிபாகக் கடைக்குத்தான் ஆதாயம்.

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற ஓர் ஒலி மட்டும் கேட்டு அடங்கினால், முதல் ஐயம் பேட்டரியின் மீது விழ வேண்டும். பேட்டரியே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பே மின்னோட்டத்தைத் தடுக்கும். எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, முனைகளை வெந்நீர் ஊற்றித் துடைத்து, சுரண்டி, இறுக்கிப் பூட்டினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். எந்த ஒலியுமே எழாவிட்டால் கியர் நடுநிலையில் இருக்கிறதா, கிளட்ச் முழுதாக மிதிபட்டதா என்று பார்க்க வேண்டும். கியரில் இருக்கும்போது வண்டி கிளம்பாதபடி தடுக்கும் பாதுகாப்பு விசை பல டிராக்டர்களில் உண்டு. அந்த விசை பழுதானால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரு முனைகளையும் ஒரு திருப்புளியால் தொட்டு வண்டியைக் கிளப்பும் பழக்கம் ஊர்தோறும் இருக்கிறது. பழக்கம் என்பதால் அதனைப் பொறுத்துக்கொள்ள இயலாது. அவ்வாறு செய்பவர் நிற்கும் இடம் பெரிய பின்சக்கரத்துக்கு முன்னால். வண்டி கியரில் இருந்தால், எஞ்சின் கிளம்பிய நொடியே சக்கரம் அவர் மீது ஏறும். விலகுவதற்கு நேரம் கிடைக்காது.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால், பார்வை புகைபோக்கிக்குச் செல்ல வேண்டும். வெண்புகை வந்தால் டீசல் உருளையை அடைகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அழுத்தமோ நாசிலோ குறையுடையது. புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவே இல்லை.

திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இப்படிப் புகையே விடாமல் ஒரு டிராக்டர் ஐந்து நாள் வயலோரத்தில் நின்றது. மூன்று உருளை எஞ்சின். உரிமையாளருக்கு அறுபது வயது. நான்கு ஏக்கர் நிலம். அந்த ஐந்து நாளில் ஊரே மருத்துவம் பார்த்தது. அண்டை வீட்டாரின் பேட்டரியைப் பூட்டிப் பார்த்தார்கள். டீசல் வடிகட்டியை மாற்றினார்கள். வேறொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார்கள். டீசல் பம்பையே கழற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் ஒருவர். அதற்கு ஆகும் செலவில் ஓர் ஏக்கருக்கு உரம் வாங்கிவிடலாம். வாடகை டிராக்டர்கள் எல்லாம் முன்பே பேசப்பட்டுவிட்டன. வாய்க்கால் முறை முடிய இன்னும் இரண்டு நாளே இருந்தது.

ஆறாம் நாள் பிற்பகலில் மெக்கானிக் வந்தார். கருவிப் பெட்டியை அவர் திறக்கவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்.

“நின்னப்போ எப்படிண்ணே நின்னுச்சு? படக்குன்னு நின்னுச்சா, விக்கி விக்கி நின்னுச்சா?”

“விக்கித்தான் தம்பி. கொட்டகையிலேர்ந்து கெளம்பி அரைமணி நேரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் மூச்சு வாங்குற மாதிரி ஏறி எறங்கி நின்னுடுச்சு.”

இந்தப் பதிலுக்குள்ளேயே பாதி விடை இருந்தது. உள்ளே ஏதேனும் உடைந்த எஞ்சின் பெரும்பாலும் சட்டென்று நிற்கும். டீசல் சிறிது சிறிதாகக் குறைந்தால்தான் இப்படி ஏறி இறங்கி நிற்கும். ஐந்து நாளில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

எஞ்சினை நிறுத்துவதற்கான இழுவைக் குமிழ் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். அது இழுபட்டபடியே இருந்தால் டீசல் போகாது. சரியாகவே இருந்தது. பிறகு வடிகட்டியின் மேலிருந்த சிறு திருகைத் தளர்த்திவிட்டு, ஊட்டுப்பம்பின் கைநெம்பை அடிக்குமாறு உழவரின் மகனிடம் சொன்னார். திருகின் ஓரத்தில் டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது.

பட்டறைகளில் இதனை ‘ஏர் எடுத்தல்’ என்பர். ஏர் என்றால் உழவருக்குக் கலப்பை. பட்டறையிலோ அது குழாய்க்குள் புகுந்துகொண்ட காற்று. டீசலை அழுத்தினால் அது அடுத்த இடத்துக்குத் தள்ளப்படும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக் கொடுத்துவிட்டு மீண்டும் விரியும். ஆகவே குழாயில் காற்று இருக்கும்வரை நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. வடிகட்டியை மாற்றும்போதெல்லாம் காற்று புகும். அதனை வெளியேற்றாமல் விட்டால் புதிய வடிகட்டியாலும் பயனில்லை. இவ்வண்டிக்கு நேர்ந்ததில் ஒரு பகுதி அது.

ஒரு பகுதி மட்டுமே. வழக்கமாகச் சிறிது நேரத்தில் குமிழி நின்று தெளிந்த டீசல் வரும். இங்கே ஐந்து நிமிடம் அடித்தும் நுரை நிற்கவில்லை. மகனுக்குக் கை கடுத்தது. “இன்னும் அடிக்கட்டுமாண்ணே?” என்றான்.

“போதும்ப்பா. போகப் போகக் காத்து வந்துகிட்டே இருக்குன்னா, எங்கேர்ந்தோ உள்ள வந்துகிட்டும் இருக்கு.”

அவர் டீசல் தொட்டியின் மூடியைத் திருகினார். ‘உஸ்’ என்று மெல்லிய ஓசை கேட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தார். தொட்டி மூச்சு விடுவதற்கென்று மூடியில் இருந்த சிறு துளையைக் கோடையில் ஏதோ ஒரு குளவி மண்ணால் பூசி அடைத்திருந்தது. டீசல் வெளியேறும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லாவிட்டால் தொட்டிக்குள் இழுவிசை உண்டாகி, டீசல் இறங்க மறுக்கும். மெல்லிய கம்பியால் மண்ணைக் குத்தி எடுத்தார். நுரை குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவர். ஒரு காரணம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி இரண்டாவது காரணத்தை மறைத்துவிடும். அவர் தொட்டியிலிருந்து ஊட்டுப்பம்புக்கு வரும் ரப்பர்க் குழாயை விரல்களால் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே வந்தார். வண்டி முழுவதும் உலர்ந்த தூசி. கிளிப்புக்கு அருகில் ஓரிடத்தில் மட்டும் தூசி கறுத்து ஈரமாக ஒட்டியிருந்தது. குழாயை அங்கே வளைத்ததும் மயிரிழை போன்ற வெடிப்பு வாய் திறந்தது. தொட்டி மூச்சடைத்துக்கொண்டபோது, பம்பு டீசலை இழுப்பதற்குப் பதிலாக இந்த வெடிப்பின் வழியாக வெளிக்காற்றை இழுத்திருக்கிறது. துளை அடைபடாதிருந்தால் இவ்வெடிப்பு நெடுநாள் வெறும் கசிவாகவே இருந்திருக்கும்.

ஒரு முழம் புதிய குழாய், இரண்டு கிளிப்புகள். மீண்டும் ஏர் எடுத்தார். இம்முறை நாற்பது அடிகளில் தெளிந்த டீசல் வந்தது. பம்பின் திருகிலும் நாசில் இணைப்புகளிலும் எஞ்சியிருந்த காற்றை வெளியேற்றி இறுக்கினார். சாவியைத் திருப்பினார், பத்து நொடி சுழலவிட்டு நிறுத்தினார், ஸ்டார்ட்டர் ஆறட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தார். மறுமுறை புகைபோக்கியில் வெண்புகை எழுந்தது. ஓர் உருளை பற்றியது, வண்டி நடுங்கியது, இரண்டாவது பற்றியது, பிறகு மூன்றும் சேர்ந்து பழைய ஒலி வந்தது.

உழவர் இருக்கையில் ஏறப் போனார். மெக்கானிக் தடுத்தார். அரைமணி நேரம் ஓடித்தானே முன்பு நின்றது? அந்த அரைமணி நேரம் கடக்கும்வரை வரப்பில் அமர்ந்து எஞ்சின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடந்த பின் எழுந்து போய்க் குமிழை இழுத்து எஞ்சினை நிறுத்தினார்.

“ஏன் தம்பி நிறுத்துறே? ஓடுதுல்ல, அப்படியே எறக்கிடுறேனே!”

“இங்கேயே ஒரு தடவை நின்னு கெளம்பட்டும்ணே. நடுவயல்ல நின்னா சேத்துலேர்ந்து யாரு இழுக்குறது?”

உழவரின் முகத்தில் ஐந்து நாள் அச்சமும் திரும்பி வந்துவிட்டது. தேநீர் வந்தது, அவர் குடிக்கவில்லை. கால்மணி நேரம் கழித்து மெக்கானிக் சாவியை அவர் கையிலேயே கொடுத்தார். அவர் கிளட்சை மிதித்து, கியரை இருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பினார். முதல் சுழற்சியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மகன் இரும்புச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான்.