இரண்டு பிராசசர், ஒரே பணிப்பதிவேடு



சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூரில் என்னோடு காலையில் நடக்க வரும் தலைமையாசிரியர் ஒருவர் கேட்டார். "சார், பையன் ஏலத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று எடுத்தான். உள்ளே இரண்டு பிராசசர் இருக்கிறது. வேகம் மட்டும் கூடவே இல்லையே!"

அதில் போட்டிருந்தது விண்டோஸ் எக்ஸ்பி ஹோம். விண்டோஸ் 98 போலவே அதுவும் ஒரே ஒரு பிராசசரைத்தான் கண்டுகொள்ளும். இரண்டாவது சும்மா உட்கார்ந்திருக்கும். எக்ஸ்பி புரொபஷனல் என்றால் இரண்டுக்கும் வேலை கொடுக்கும். ஆள் இருந்தால் போதாது, வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அவர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மொழியில் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினத்தர்' என்று பெயர். 1955இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ழாக் பெரே என்ற பேராசிரியர் சொன்ன பெயர் அது. ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். எனக்கென்னவோ அது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத்தான் அதிகம் பொருந்தும்.

வேலையைப் பிரிப்பது லேசான காரியமா? நம் ஊர்க் கதையையே பாருங்கள். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002இல் திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. கோப்புகளை மூட்டை கட்டி அனுப்பினோம், திரும்ப வாங்கினோம், மீண்டும் அனுப்பினோம்.

ஜெயங்கொண்டத்துக்காரர்களுக்குப் பெரம்பலூர் வரை வரும் அலைச்சல் மிச்சம். ஆனால் எனக்குத் தெரிந்த அலுவலக உதவியாளர் ஒருவரின் பணிப்பதிவேடு ஒரு ஊரில், அதில் பதிவு போட வேண்டிய எழுத்தர் இன்னொரு ஊரில். பதிவேடு இருப்பது ஒன்றுதானே! ஒருவர் முடித்துத் தந்தால்தான் மற்றவர் எழுத முடியும். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, ஓய்வூதியத்துக்காக மனிதர் மாதக்கணக்கில் அலைந்தார்.

கம்ப்யூட்டரிலும் இதே சிக்கல்தான். நினைவகத்தில் இருப்பு 100 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு பிராசசரும் ஒரே நொடியில் 100 என்று படிக்கின்றன. ஒன்று 20 கூட்டி 120 என்று எழுதுகிறது. மற்றது 30 கூட்டி 130 என்று அதன் மேலேயே எழுதிவிடுகிறது. 150 இருக்க வேண்டிய இடத்தில் 130! இருபது ரூபாய் போன இடம் தெரியாது. அதனால் ஒன்று எழுதும்போது மற்றது காத்திருக்கும்படி ஆபரேட்டிங் சிஸ்டம் பூட்டுப் போடுகிறது.

பூட்டு பெரிதானால் காத்திருப்பும் அதிகம். 1996இல் லினக்ஸ் 2.0 பல பிராசசர்களை ஏற்றுக்கொண்டபோது, கெர்னல் எனப்படும் அதன் மையப் பகுதி முழுவதற்கும் ஒரே பூட்டுதான். ரெக்கார்டு ரூமுக்கே ஒரே சாவி என்ற மாதிரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு பீரோவுக்கும் தனிச் சாவி செய்தார்கள். அந்தப் பெரிய பூட்டு முழுதாக நீங்கியது 2011இல். பதினைந்து வருட உழைப்பு!

இன்று ஒரே சில்லுக்குள் நாலு கோர், எட்டு கோர் என்று வருகிறது. ஒவ்வொரு கோரும் ஒரு பிராசசர் மாதிரிதான். கடைக்காரர் எட்டு கோர் என்றதும் ஓய்வூதியப் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். கடிதம் தட்டச்சு செய்வதும் பேரன் படத்தைப் பார்ப்பதும் ஓர் எழுத்தர் செய்யும் வேலை. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவது போன்ற, பிரித்துச் செய்யக்கூடிய வேலைக்குத்தான் எட்டுப் பேர் வேண்டும்.

வீட்டில் இருப்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் 10 என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். எத்தனை கோர், எவ்வளவு சதவீதம் வேலை செய்கிறது என்று அங்கேயே தெரியும். பத்து சதவீதம்கூடத் தாண்டவில்லை என்றால் புதிதாகக் கோர் வாங்கி என்ன பயன்?