சீனாவில் ஒரு குட்டிக் கண்ணன்

"சிங்கப்பூர் போறவனைப் பாத்திருக்கேன்... சீனாவைச் சுத்திப் பாக்கத் தனியா போற கிறுக்கன் நீதான்டா!" என்றாள் அம்மா.

ராயபுரத்து ஆசாமி நான். அப்பா நாற்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கப்பல் ஏறாமலே போய்ச் சேர்ந்தார்.

சுவான்சௌவில் இறங்கியதும் செல்போன் செத்தது. 'சோறு' என்று சைகை காட்டினால், ஒரு பாட்டி கை கழுவும் குழாயைக் காட்டினாள்!

எப்படியோ கையுவான் கோயில். பின்பக்கத் தூணில்... உரலை இழுத்துப் போகும் குட்டிக் கண்ணன்! 1281-லேயே இந்த ஊரில் தமிழில் கல்வெட்டு வெட்டி, சிவனைப் பிரதிஷ்டை செய்தவர்களாச்சே நம் ஆட்கள்! அந்தக் காலத்துக் கோயில்கள் இன்று இல்லை. தூண்கள் மட்டும் புத்தர் வீட்டில் ஒண்டுக் குடித்தனம்.

பர்ஸிலிருந்து அப்பா போட்டோவை எடுத்துத் தூணுக்கு நேரே பிடித்தேன்.

"பாத்துக்கப்பா, நம்ம ஆளு!"

காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.